வாளுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள்

மருதங்காவலில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஐந்தரைக்கு வரும். அப்படித் தண்ணீர் வந்த ஒரு வியாழக்கிழமை, குடங்களோடு தெருக்குழாயில் நின்ற பெண்களின் கண்ணெதிரே, அரண்மனை வாரிசு என்று ஊரார் மரியாதையாகச் சொல்லும் சின்னராஜா, கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு, காலில் செருப்பில்லாமல், யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் கீழராஜவீதி வழியாக நடந்துபோய், எண்பது வருஷமாகப் பூட்டிக்கிடந்த மங்கல மாளிகைக்குள் நுழைந்து, வலது பக்கம் முதல் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூட்டு எப்போது திறந்தது என்று யாரும் கேட்கவில்லை. கயிற்றில் மூன்று முடிச்சும் இருந்ததா என்றுதான் கேட்டார்கள். இருந்தது.

விடியலில் கண் விழித்தபோது கட்டிலின் தலைமாட்டில் பழைய மன்னர் பூபதி ராஜாவின் வாள் சாய்ந்து நின்றதாக அவர் மனைவி சொன்னாள். கைப்பிடியில் பட்டுவேட்டி சுற்றியிருந்தது, மாலை வாடாமல் இருந்தது, மாப்பிள்ளைக்களை நன்றாகவே இருந்தது என்றாள். பத்து மணிக்குக் காவலாளி அரண்மனை முன்கூடத்தைத் திறந்தபோது, வாள் என்றும்போல் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. போனது தானாகத் திரும்பிவிட்டதால் திருட்டு என்று எழுத வழியில்லை என்றார்கள் காவலர்கள். கயிற்றை அறுக்கக் கத்தரி கொண்டுபோனார்கள், பிறகு கட்டிங் பிளேயர் கொண்டுபோனார்கள், பிறகு வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிப்போனார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சாப்பாட்டு வேளை வந்ததும் சின்னராஜாவின் மனைவி டிபன் கேரியரைக் கம்பிக்கதவு வழியாக உள்ளே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாசற்படியைத் தாண்ட மட்டும் அவர் கால் எழவில்லை.

இதற்கு முந்தின நாள் மதியம் இரண்டரை மணிக்கு, கடைவீதி விசாலம் அச்சகத்தில், மேகலா ஒரு பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தன் அக்கா தனக்கொடியிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லியிருந்தாள்.

மேகலா அந்த அச்சகத்தில் தட்டச்சும் மெய்ப்பும் பார்த்தாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி அவள். அப்பா சின்னராசு நெல் மண்டியில் கோணி ஊசியும் சணலுமாக மூட்டை தைப்பவர். பட்டம் வாங்கிய பிறகும் மேகலாவுக்குப் பயம் போகவில்லை. ஒரு எழுத்து தப்பினால் மொத்தமும் தப்பு என்று யாராவது சொல்லி, கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை பார்ப்பாள். அந்த வருஷம் பூபதி ராஜா முடிசூடிய இருநூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்காக, ஊரின் சரித்திரப் புத்தகத்தை மறுபதிப்புச் செய்ய விழாக்குழு முடிவெடுத்திருந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் அரங்கநாயகம். முப்பது வருஷத்துக்கு முன்னால் வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகி, மருதங்காவலில் பஞ்சாங்கம் இல்லாத வீட்டில்கூட அது இருந்தது. "ஒரே முகூர்த்தத்தில் பதினேழு மங்கையர்க்கு மாலையிட்ட மாவீரர்" என்ற வரியை ஏழாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் கையை உயர்த்திச் சொல்லி, மேகலாவே ஒரு எவர்சில்வர் தட்டு பரிசு வாங்கியிருக்கிறாள். அந்தத் தட்டில்தான் அவள் இன்னும் சாப்பிடுகிறாள்.

மேடையில் சொல்வதற்கு அந்த ஒரு வரி போதும். தட்டச்சு செய்பவளோ எல்லா வரியையும் படித்தாக வேண்டும். அப்படிப் படித்தபோதுதான், அந்த முகூர்த்தத்தின்போது ராஜா மலையில் யானை பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மேகலாவுக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையாகப் போனது வாள். வாளுக்குப் பட்டுக் கட்டி, பல்லக்கில் ஏற்றி, பதினேழு வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வீட்டு மணையிலும் நிறுத்தி, அதன் பக்கத்தில் ஒரு சிறுமியை உட்காரவைத்துத் தாலி கட்டினார்கள். பிறகு பதினேழு பேருக்கும் அரண்மனைக்குத் தக்கபடி வேறு பெயர் வைத்து, மங்கல மாளிகையில் ஆளுக்கொரு அறை கொடுத்துப் பூட்டினார்கள். மன்னரே பெயர் சொல்லி அழைத்தாலன்றி வாசற்படி தாண்டாத கற்பரசிகள் என்று நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அரங்கநாயகம் பூரித்து எழுதியிருந்தார். பதினோரு வருஷம் கழித்து ராஜா ஒருமுறை அங்கே வந்தார், வாசலில் நின்றார், யாரையாவது கூப்பிடலாம் என்று நினைத்தார், ஒரு பெயரும் நினைவுக்கு வராததால் திரும்பிப் போனார். அதை அரங்கநாயகம் மன்னரின் கூச்ச சுபாவத்துக்கு உதாரணமாகச் சொல்லியிருந்தார்.

புத்தகத்தின் கடைசியில், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத சின்ன எழுத்தில், பழைய ஓலை ஒன்றிலிருந்து எடுத்த ஒரு பட்டியல் இருந்தது. பெண்ணின் பழைய பெயர், வயது, கொடுத்தவர், பெற்றது என்று நான்கு கட்டம். பக்கம் மிச்சமாகும், அதை எடுத்துவிடு என்று அரங்கநாயகம் சொல்லியனுப்பியிருந்தார். மேகலா எடுக்கவில்லை. மூலத்தில் இருப்பதை எடுக்க அவளுக்குக் கை வராது.

மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் புதுத்தாளில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். தனக்கொடி தினமும் மதியம் மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அவருடைய கல்யாண மண்டபம் அச்சகத்துக்கு எதிரே இருந்தது. அவர் சாப்பிட்டு, கைகழுவி, காலிக் கேரியரை வெளியே வைக்கும்வரை அவளுக்கு முக்கால்மணி நேரம் கிடைக்கும். நாள் முழுவதிலும் அவளுடையது அந்த முக்கால்மணிதான். அதைத் தங்கைக்குக் கொடுத்தாள்.

"குப்பச்சி. வயது பதின்மூன்று. கொடுத்தவர் தகப்பன். பெற்றது ஒரு கிணறு," என்று அன்று அவள் படித்தாள். அடுத்த வரிக்குப் போகவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒருத்தி போதும்டி என்றாள்.

மறுநாள் காலைதான் சின்னராஜா நடந்தார்.

வெள்ளிக்கிழமை கல்யாணப் புரோகிதர் நடந்தார். சனிக்கிழமை அரங்கநாயகமே நடந்தார், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு, தடுமாறித் தடுமாறி. சனி, ஞாயிறு அச்சகம் விடுமுறை. அந்த இரண்டு நாளும் யாரும் படிக்கவில்லை, ஞாயிறும் திங்களும் காலையில் யாரும் நடக்கவில்லை. ஊர் அதைக் கவனிக்கவில்லை, மேகலா கவனித்தாள். செவ்வாய்க்கிழமை போட்டோ ஸ்டூடியோ ரூபன் நடந்தான். இப்படி நாளுக்கொருவராக, குழாயில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், மஞ்சள் கயிற்றோடு ஒரு ஆம்பிளை கீழராஜவீதியில் போவதைப் பார்த்துவிட்டுத்தான் பால்காரர் பால் ஊற்றினார், பள்ளிக்கூட வேன் புறப்பட்டது, இட்லிக்கடையில் முதல் ஈடு இறங்கியது.

ஊர் அதற்கு ஏற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. மங்கல மாளிகை வாசலில் பூக்கடை ஒன்று வந்தது, வளையல்கடை ஒன்று வந்தது, வெயிலுக்குப் பந்தல் வந்தது. தபால்காரர் கடிதங்களைக் கம்பிக்கதவில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். உள்ளே இருப்பவர்களுக்குப் பஞ்சாயத்திலிருந்து ஒரு மின்விசிறி மாட்டினார்கள். வாளுக்கு ஏதோ குறை என்று முடிவு செய்து, எண்ணெய் பூசி, சந்தனம் இட்டு, மேளதாளத்தோடு ஊர்வலமாக எல்லாத் தெருவிலும் கொண்டுபோனார்கள். அதில் வாளுக்கு வீடெல்லாம் நன்றாக அடையாளம் தெரிந்துவிட்டது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எதைச் சொல்வதென்று தெரியாமல், வாய்க்குப் பழகியதைச் சொன்னார்கள். அரண்மனை வாசம், வேளாவேளைக்குச் சோறு, வெயிலில் அலைய வேண்டாம், நாலு சுவருக்குள் மானமாக இருக்கலாம், உங்க வீட்டுக்காரர் கொடுத்து வைத்தவர் என்றார்கள். மனைவிகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

உள்ளே போனவர்கள் முதல் வாரம் சத்தம் போட்டார்கள். இரண்டாவது வாரம் அறைச்சுவர்களில் கீறல்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்; ஆளுயரத்துக்கும் கீழே, ஒரு சிறுமியின் கை எட்டும் உயரத்தில் தொடங்கி, வருஷம் போகப் போக மேலே ஏறி, பிறகு ஒரு உயரத்துக்குமேல் ஏறாமல் பக்கவாட்டில் பரவியிருந்தன. அவர்களும் ஆணியால் கீறத் தொடங்கினார்கள். தெரு தெரிகிற ஒரே சன்னலுக்காகச் சண்டை போட்டார்கள். மத்தியானம் வாசலில் யாருடைய கொலுசுச் சத்தம் கேட்டாலும் எல்லோரும் எழுந்து தலையைச் சீவிக்கொண்டார்கள்.

ஊர் இதை ராஜவம்சத்துப் பாவம் என்று நினைத்தது. ஆனால் ரூபனுக்கும் ராஜவம்சத்துக்கும் என்ன? ஐந்தாவதாகப் போன சமையல் கான்டிராக்டருக்கும், ஆறாவதாகப் போன மைக்செட்காரருக்கும் என்ன? இதை மூன்று தடவை யோசித்த மேகலா, ஏழாவது பெயர் படிக்க வேண்டிய நாள் மதியம், அக்காவின் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து அச்சக மேசைமேல் விரித்தாள்.

தனக்கொடிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மாமனார் ராமபத்திரன் மண்டப உரிமையாளர், இப்போது விழாக்குழுத் தலைவர். மாப்பிள்ளை தினகரன் கனடாவில் இருந்தான். முகூர்த்தத்தன்று விமானம் தவறிவிட்டதாகச் சொன்னான். வந்திருந்த ஆயிரம் பேர் முன்னால் முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க ராமபத்திரனுக்கு மனமில்லை. மணையில் ஒரு பித்தளைச் சொம்பு வைத்து, சொம்பில் செல்போனைச் சாய்த்து, போனுக்குச் சின்னதாக ஒரு மாலை கட்டிப் போட்டார்கள். போனுக்குள் கோட்டும் டையுமாக இருந்த தினகரனின் முகம், சிக்னல் சிக்கி, ஒரு கண் பாதி மூடியபடி உறைந்துவிட்டது. அந்த முகத்தின் பக்கத்தில் தனக்கொடியை உட்காரவைத்து, மூன்று முடிச்சையும் நாத்தனார் போட்டாள். அடுத்த மாதம் வருகிறேன் என்றவன் வரவில்லை. அங்கே அவனுக்கு மனைவியும் பெண்குழந்தையும் இருப்பது இரண்டாம் வருஷம் தெரிந்தது. தனக்கொடி இரண்டு முறை பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். இரண்டு முறையும் சின்னராசு, நாலு பேர் என்ன சொல்வாங்க என்று கேட்டு, அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

ஆல்பத்தில், மணைக்குப் பின்னால் நின்று ஆசீர்வதித்தவர் சின்னராஜா. மந்திரம் சொன்னவர் புரோகிதர். வாழ்த்துரை வாசித்தவர் அரங்கநாயகம். போன் சரியாமல் சொம்பைத் திருப்பி வைத்துவிட்டுப் படம் எடுத்தவன் ரூபன். அவன் கை மட்டும் ஒரு படத்தில் விழுந்திருந்தது. மேகலா ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக்கொண்டே வந்தாள். இன்னும் பதினொரு முகம் மிச்சம் இருந்தது.

"அக்கா, இது நீ படிக்கிறதாலதான் நடக்குது," என்றாள். "நிறுத்திடலாம்க்கா. பட்டியலை எடுத்துடுன்னுதானே சொன்னாங்க."

தனக்கொடி ஆல்பத்தைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவள் அதைத் திறந்ததே இல்லை. ஒரு பக்கத்தில் நின்று, போனுக்குப் போட்ட மாலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாலை என் மாலையைவிட நல்லாத்தான் கட்டியிருக்காங்க," என்றாள். பிறகு மூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீ உன் வேலையைப் பாரு. விரல் வையி. நான் படிக்கிறேன்."

"யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

"என்ன ஆகும்? நாலு சுவரு, மூணு வேளைச் சோறு. எனக்கு என்னடி ஆச்சு?"

மேகலா விரலை வைத்தாள். அக்கா படித்தாள். "பேச்சி. வயது பன்னிரண்டு. கொடுத்தவர் தமையன். பெற்றது காளை ஒரு சோடி."

அன்றிலிருந்து மேகலாவும் சும்மா மெய்ப்பு மட்டும் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் தெருமுனைக்குப் போய் யார் நடக்கிறார்கள் என்று பார்த்து, ஆல்பத்தில் அந்த முகத்துக்கு நேரே பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டாள். குறி போடும்போது தப்பு நேரக்கூடாது என்று மூன்று தடவை பார்த்தாள். அவளுக்குப் பயம் இருந்தது; பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது என்னவென்று தனக்குத்தானே நேர்மையாகக் கேட்டுக்கொண்டபோது, பசியாறுவது போன்ற ஒரு நிம்மதி என்று ஒப்புக்கொண்டாள்.

உள்ளே போனவர்களை வெளியே கொண்டுவர ஒரு வழி இருந்தது. அது புத்தகத்திலேயே, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மேகலா அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. ரூபனின் மனைவி அதைத் தற்செயலாகச் செய்தாள். இருவரும் ஒரே காலேஜில் படித்துக் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அவன் போய் இரண்டு வாரம் ஆன பிறகு அவள் வாசலில் நின்று, வழக்கம்போல, டேய் ரூபன், கேஸ் தீர்ந்துபோச்சு, வெளிய வாடா என்றாள். கயிறு அவிழ்ந்து விழுந்தது. அவன் எழுந்து வந்துவிட்டான்.

ஊர் மூச்சு விட்டது. மனைவி வந்து புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அவ்வளவுதானே. அம்மாக்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அண்ணன் தம்பிகள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. மனைவிதான் கூப்பிட வேண்டும். மனைவிமார்கள் எல்லோரும் குளித்து, புதுப்புடவை கட்டி, பந்தலில் வந்து வரிசையாக நின்றார்கள். நின்று, கம்பிக்கதவைப் பார்த்து, வாயைத் திறந்து, திறந்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்கள்.

"கட்டினவர் பேரை எப்படிங்க சொல்றது?" என்றாள் சின்னராஜாவின் மனைவி.

ரேஷன் கார்டில் எழுதும்போதுகூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் சொல்லச் சொல்வோம் என்றாள் மைக்செட்காரர் மனைவி. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவரேதான் சொல்லியிருக்கிறார், உள்ளே பத்திரமாக இருக்கிறவருக்கு நான் எதுக்குக் கெடுதல் செய்யணும் என்றாள் அரங்கநாயகத்தின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. மிச்சமிருந்த ஆண்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். பெண்கள் மூடப்பழக்கங்களைக் கைவிட வேண்டும், கணவன் பெயரைச் சொல்வது தவறே இல்லை, எந்தச் சாஸ்திரத்திலும் அப்படித் தடை கிடையாது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். உள்ளிருந்தபடியே புரோகிதரும் ஆமாம் ஆமாம் என்று கத்தினார். பெண்கள் அடக்கமாகத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள். "வாய் வர மாட்டேங்குதுங்க. சின்ன வயசுலேருந்து பழக்கமில்ல," என்றார்கள். பிறகு சாயங்காலம் கோவிலுக்குப் போனார்கள், மறுநாள் சினிமாவுக்குப் போனார்கள், எப்போதும் ஒருவர் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் நாற்காலியில் தாங்களே காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். டிபன் கேரியர் மட்டும் ஒருவேளைகூடத் தவறியதில்லை.

பதினாறாம் பெயர் படித்த மறுநாள் ராமபத்திரன் நடந்தார். சட்டை போடாமல், வயிறு குலுங்க, தன் மண்டபத்து வாசல் வழியாகவே நடந்தார். அவர் மனைவி சுலோசனா பந்தலுக்கு வந்து ரொம்ப நேரம் நின்றாள். "முப்பத்தாறு வருஷமா 'என்னங்க'ன்னு கூப்பிட்டேன். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்ல. இப்ப புதுசா என்னத்தைச் சொல்லிக் கூப்பிட," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதனால் தினகரன் வந்தான். ஆறு வருஷமாகக் கிடைக்காத விமானம் மூன்றே நாளில் கிடைத்தது. வாடகைக் காரில் வந்து இறங்கி, மண்டபத்துச் சாவியைக் கேட்டான், சொத்துப் பத்திரங்கள் எங்கே என்று கேட்டான், இங்கே காபி யார் போடுவது என்று கேட்டான். தனக்கொடி காபி கொண்டுவந்து வைத்தாள். போனிலிருந்து தலையெடுக்காமல் தாங்க்ஸ் என்றான்.

பட்டியலில் பதினேழாவது வரி மிச்சமிருந்தது; ராமபத்திரன் நடந்ததிலிருந்து தனக்கொடி அதைப் படிக்கவில்லை. சின்னராசு அதற்குள் விஷயத்தை ஊகித்துவிட்டார். ஆல்பத்தில், மணைக்கு முன்னால், தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு கன்னிகாதானம் செய்தவர் அவர்தானே. தினமும் விடியலில் குளித்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்று மதியம் மண்டியிலிருந்து நேரே அச்சகத்துக்கு வந்தார். சட்டைக்காலரில் கோணி ஊசி குத்தியிருந்தது.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கின்னாங்க," என்றார். "எனக்குத்தானே?"

அவர் கதவருகே நின்றார். தனக்கொடி மூலத்தை எடுத்துப் படித்தாள்.

"பெயர் தெரியவில்லை. வயது ஒன்பது. கொடுத்தவர் தகப்பன். பெற்றது மன்னரின் புன்சிரிப்பு."

மறுநாள் காலை தினகரன் நடந்தான், முழங்கால்வரை கால்சட்டையும் கழுத்தில் மஞ்சள் கயிறுமாக. சின்னராசு வாசலில் உட்கார்ந்தபடியே அவன் போவதைப் பார்த்தார்.

அன்றைக்குப் பந்தலில் நிற்க இடமில்லை. புருஷனுக்காக வாய் திறக்காத சுலோசனா, பிள்ளைக்காகத் தினகரா தினகரா என்று தொண்டை வறளக் கத்தினாள். அவன் கால் எழவில்லை. பிறகு அவள், காபிச் சொம்போடு வந்த மருமகளின் கையைப் பிடித்துக் கம்பிக்கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். மேகலா அக்காவுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றாள். இவள் கூப்பிட்டுவிட்டால் இவனோடு போய் இன்னொரு ஆறு வருஷம், அதற்குப் பிறகு இன்னொரு ஆறு வருஷம் என்று மேகலாவின் மனம் கணக்காக அடித்துக்கொண்டது.

தினகரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ப்ளீஸ்," என்றான். "ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லு. சொல்லிட்டா நீ கேக்கிறதைச் செஞ்சுடறேன். கையெழுத்து வேணுமா, போட்டுத் தரேன்."

"பேரைச் சொல்லக்கூடாதுன்னு அத்தைதான் முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க," என்றாள் தனக்கொடி. "பரவால்ல. நீங்க முதல்ல என் பேரைச் சொல்லுங்க."

அவன் முகம் தெளிந்தது. சுலபம் என்று நினைத்துவிட்டான். "தன்யஸ்ரீ," என்றான். "தன்யஸ்ரீ."

பந்தலில் யாரோ ஒரு பெண் மெதுவாகச் சிரித்தாள். தனக்கொடி என்ற பெயர் பட்டிக்காடாக இருக்கிறது என்று, அழைப்பிதழ் அடிக்கும்போது ராமபத்திரன் வீட்டில் மாற்றிய பெயர் அது. அடித்தது விசாலம் அச்சகத்தில்தான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரில் அவளை ஒருவரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, வீட்டில் அவள் "இந்தா பொண்ணு."

"அது பத்திரிகையில அடிச்ச பேருங்க," என்றாள் தனக்கொடி. "அந்தப் பேர்ல ஒருத்தி வந்தா, அவ கூப்பிடுவா. இருங்க."

கையிலிருந்த காபிச் சொம்பைக் கம்பிக்கதவின் அடியில் வைத்தாள். அது பித்தளைச் சொம்பு. ஆல்பத்தில் இருந்த அதே சொம்பு. சுலோசனா அவள் காலைப் பிடிக்கக் குனிந்தாள். தனக்கொடி காலை நகர்த்திக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்து, கீழராஜவீதியைத் தாண்டி, அந்த வீட்டுக்கும் போகாமல், அப்பா வீட்டுக்கும் போகாமல், அச்சகத்துக்கு வந்து, தன் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி அப்போது பதினொன்றுதான். இரண்டரைக்கு முன்னால் அந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அச்சகத்து முதலாளி விசாலம் அம்மாள் மாடியறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பட்டியல் முடிந்தது, புத்தகத்தை அச்சுக்கு ஏற்றலாம். தடுக்க வேண்டிய விழாக்குழு முழுதும் மங்கல மாளிகையில் இருந்தது. ஆனால் மேகலா அன்று முழுக்க ஏற்றவில்லை. மதியம், பதினேழாவது வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம்விட்டு, விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. தெரியும் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்கு மதிப்பெண் போதவில்லை. கல்லூரி நிர்வாகத்தில் இருந்த ராமபத்திரன் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் இடம் கிடைத்தது. அந்த வார்த்தையை அவர் சொன்ன வாரத்தில்தான், மணையில் மாப்பிள்ளைக்குப் பதில் போனை வைப்பதற்கு அப்பா தலையாட்டினார்.

அவள் தட்டச்சு செய்தாள். மூன்று தடவை சரிபார்த்தாள். தாளை எடுத்தபோது சின்னராசு வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, ரொம்ப நேரம் படித்தார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார். "போடு. படிக்கச் சொல்லு."

தனக்கொடி அவரைப் பார்க்காமல் தாளை வாங்கினாள். மேகலா விரல் வைத்தாள்.

"தனக்கொடி. வயது இருபத்திரண்டு. கொடுத்தவர் தகப்பன். பெற்றது தங்கைக்குக் கல்லூரியில் ஓர் இடம்."

மறுநாள் விடியலில் மேகலா கழுத்தைத் தடவிக்கொண்டேதான் கண் விழித்தாள். ஒன்றுமில்லை. தெருமுனைவரை ஓடிப் பார்த்துத் திரும்பினாள். சின்னராசு குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வேட்டியைத் தழையக் கட்டி, கழுத்தை நிமிர்த்தி, அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்து வாசலில் உட்கார்ந்திருந்தார். குழாயில் தண்ணீர் வந்தது. பால்காரர் வந்தார். பள்ளிக்கூட வேன் போனது. வாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

புத்தகம் அச்சாகி, பட்டியல் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்து, பிள்ளைகள் பேச்சுப்போட்டியில் பதினெட்டு வரியையும் கையை உயர்த்திச் சொல்லத் தொடங்கிய பிறகும் வரவில்லை. மங்கல மாளிகையில் அவ்வப்போது ஒரு மனைவி மனமிரங்கி, அல்லது கேஸ் தீர்ந்து, வாய் திறந்து கூப்பிட, ஒரு கயிறு அவிழ்கிறது. சின்னராசுவுக்கு அவிழக் கயிறும் இல்லை. மண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார். கிழியாத கோணி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தைத்ததையே பிரித்துத் தைக்கிறார்.

தனக்கொடி இப்போது அச்சகத்தில் மெய்ப்பு வாசிப்பவள். காலையில் பூ வாங்க அப்பா வீட்டுத் தெரு வழியாகத்தான் போகிறாள், அந்த வழியாகத்தான் திரும்புகிறாள். செருப்புச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே சின்னராசு ஊசியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படி விளிம்புவரை வந்து நிற்பார். அதைத் தாண்ட அவர் கால் எழாது. அவள் அவர் முகத்தை நேராகப் பார்ப்பாள். நலமா என்பதுபோல் பார்ப்பாள். பார்த்துவிட்டு, அப்பா என்று கூப்பிடாமல் போவாள்.